மூன்றாவது அலசல்

“என்ன காணாமப் போச்சு?” என்று கேட்டான் வாலு.

“தண்ணி,” என்றாள் வந்தவள்.

வாலு திறந்த பேனாவை மூடி வைத்தான். நகை போயிருக்கிறது, நாய் போயிருக்கிறது, ஒரு முறை மாப்பிள்ளையே போயிருக்கிறார். எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கொடுத்த இடம்தான் இது. ஆனால் தண்ணீரைத் தேடி வந்தவர் இதுவரை யாருமில்லை.

“அடையாளம் ஏதாவது சொல்ல முடியுமா? நிறம், உயரம்?”

“வாலு!” என்றாள் அண்ணி. அதட்டல் மாதிரிதான் இருந்தது, ஆனால் உதட்டோரம் ஒத்துழைக்கவில்லை.

வாலு அண்ணியின் கணவருக்குக் கடைசித் தம்பி. சின்ன வயதில் பண்ணிய சேட்டைக்காக வீட்டில் வைத்த பட்டப்பெயர் அது. இப்போது அண்ணி போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவதால் பொருத்தம் இன்னும் கூடிவிட்டது. அண்ணி இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள். வேலையை விட்டதும் வீட்டு முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டு, வாசலில் ஒரு பலகையை மாட்டி, துப்பறியத் தொடங்கிவிட்டாள். சம்பளமில்லாத உதவியாளனாகக் கொழுந்தனையும் சேர்த்துக்கொண்டாள்.

வந்தவளுக்கு முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். வீட்டிலேயே சலவைத் தொழில் வைத்திருந்தாள். சட்டை, புடவையெல்லாம் எடுக்கமாட்டாள். சலூன்களில் கழுத்தில் போர்த்துகிற துண்டுகள் மட்டும்தான். அதனால் தெருவில் அவளுக்குத் துண்டக்கா என்று பெயர்.

“வீட்டுல வெச்சு தொழில் பண்றவங்களுக்கு மாசத்துக்கு இவ்வளவு தண்ணின்னு ஒரு அளவு இருக்கு மேடம். அதுக்குள்ள நின்னாத்தான் அனுமதி. நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அதுக்குள்ள நின்னுட்டிருந்தேன். ரெண்டு மாசமா மீட்டர் தாறுமாறா ஏறுது. நான் தண்ணியை வெளியில விக்கிறேன்னு மீட்டர்காரர் நேத்து வாசல்ல நின்னு கத்திட்டுப் போனார். இன்னிக்கு சாயங்காலம் திரும்ப வர்றாராம். தண்ணி எங்க போகுதுன்னு காட்டலேன்னா இணைப்பைத் துண்டிச்சிடுவாராம்.”

“துண்டக்காவையே துண்டிக்கிறதா? அநியாயம்!” என்றான் வாலு.

துண்டக்கா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. வாலுவுக்குத் தன் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தான். கொடுக்கும்போதுதான் அதுவும் பொருத்தமில்லையோ என்று தோன்றியது.

“தொழில் எப்படிம்மா போகுது?” என்று கேட்டாள் அண்ணி.

“அதையேன் கேக்கறீங்க. எட்டு சலூன் வெச்சிருந்தேன். ஒண்ணொண்ணா நாலு கழண்டுக்கிச்சு. புதுசா எவனோ கிளம்பியிருக்கானாம். துண்டு பூ மாதிரி இருக்காம். யாருன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டேங்கிறாங்க.”

“இது எப்பலேர்ந்து?”

“ரெண்டு மாசமா.”

“மீட்டர் ஏறுறது?”

“அதுவும் ரெண்டு மாசமாத்தான். ஆனா மேடம், துணி குறைஞ்சா தண்ணியும் குறையணும் இல்லையா? எனக்கு இங்க பாதி துணி, அங்க ஒண்ணரைப் பங்கு தண்ணி!”

அண்ணி சிரித்தாள். அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது, தனக்கு இன்னும் கொஞ்ச நேரம் புரியப்போவதில்லை என்று வாலு அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் வைத்திருந்தான்.

“ஸ்கூட்டரை எடு,” என்றாள் அண்ணி.

துண்டக்காவின் வீடு நீளமும் ஒடுக்கமுமாக ரயில் பெட்டி மாதிரி இருந்தது. முன்னால் ஒரு கூடம், நடுவில் சமையலறை, கடைசியில் சலவை அறை. அங்கே ஒரு பக்கம் துவைத்து மறு பக்கம் பிழியும் பழைய மெஷின், ஒரு பெரிய நீல டிரம், இரண்டு அகலத் தொட்டிகள். வெளியே குறுகலான முற்றத்தில் மூன்று கொடிக் கயிறு. அதில் நாற்பது ஐம்பது துண்டுகள் மொறமொறவென்று காய்ந்து நின்றன. காற்றடித்தும் அவை ஆடவில்லை, விறைத்துக்கொண்டு நின்றன.

கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் முகத்தின் மேல் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் படுத்திருந்தார். குறட்டை மட்டும் தாளுக்குள்ளிருந்து வந்தது.

“எங்க மாமனார்,” என்றாள் துண்டக்கா தாழ்ந்த குரலில். “பார்சல் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். நான் பத்து மணிக்குத் துண்டு குடுக்கக் கிளம்பினா மத்தியானம்தான் வருவேன். எங்க வீட்டுக்காரர் ஆலைக்குப் போனா ராத்திரிதான் வருவார். மாமாதான் வீட்டைப் பாத்துக்கிறார்.”

“நல்லாத்தான் பாத்துக்கிறார்,” என்றான் வாலு குறட்டையைக் காட்டி.

“ஆரம்பத்துல நானும் துவைக்கிறேன்னு வந்தார். இந்த வயசுல அவர் சலூன் துண்டு துவைச்சா ஊர் என்ன சொல்லும்? சும்மா உக்காருங்க மாமா, எதையும் தொடாதீங்கன்னு நாங்க ரெண்டு பேருமே சொல்லிட்டோம்.”

குறட்டை ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகத் தொடர்ந்தது.

அண்ணி வாசலுக்குப் போய்த் தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்தாள். வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் மூடச் சொன்னாள். மீட்டருக்குள் கடுகளவு சிவப்புச் சக்கரம் ஒன்று இருந்தது. சொட்டுத் தண்ணீர் போனாலும் சுற்றும். இப்போது அது அசையவில்லை. வாலு குனிந்து அதையே முறைத்தான். அதுவும் இவனை முறைத்தது.

“குழாயில ஒழுக்கு இல்ல,” என்றாள் அண்ணி. “யாரோ கையால திறந்தாத்தான் தண்ணி போகுது.”

“பக்கத்து வீட்டுக்காரன்!” என்றான் வாலு. “ராத்திரியோட ராத்திரியா குழாயை இழுத்துட்டான்.”

“இழுத்த குழாய் எங்க?”

வாலு சுவரைத் தட்டிப் பார்த்தான். ஓட்டை உடைசல் ஏதுமில்லை. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பூனை மட்டும் உட்கார்ந்து, இந்த ஆராய்ச்சியை அக்கறையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

“அப்போ சலவை அறையிலேயே யாரோ துவைக்கிறாங்களா?”

“அதுவும் இல்லைங்க,” என்றாள் துண்டக்கா. “துவைச்சா சோப்புத் தூள் குறையணுமே? டப்பா நான் விட்ட அளவுலதான் இருக்கு. கொடியிலயும் என் துண்டைத் தவிர வேற ஒண்ணும் நான் பாத்ததில்ல. துவைச்ச துணி காயாம எங்க போகும்?”

“நல்ல கேள்வி,” என்றாள் அண்ணி. “அதைத்தான் கண்டுபிடிக்கணும்.”

அவர்கள் கூடத்துக்குத் திரும்பியபோது பெரியவர் விழித்திருந்தார். வந்தவர்கள் யார் என்று மருமகள் சொன்னதும் அவசரமாக எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அப்படியே உட்கார்ந்து கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பக்கத்து ஸ்டூலில் இருந்த சொம்பை எடுத்து அண்ணியிடம் நீட்டினார்.

“வெயில்ல வந்திருக்கீங்க. குடிங்கம்மா.”

அண்ணி சொம்பை வாங்கினாள். அவள் பார்வை சொம்பில் இல்லை, அதைப் பிடித்திருந்த விரல்களில் இருந்தது. வாலுவும் பார்த்தான். விரல் நுனியெல்லாம் வெளுத்து, ஊறிச் சுருங்கி, உலர்ந்த திராட்சை மாதிரி இருந்தது. வயசானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். நாற்காலிக்கு அடியில் தரை லேசாக நனைந்திருந்தது.

“சார் நல்லாத் தூங்கினீங்களா?” என்றாள் அண்ணி.

“அடிச்சுப் போட்ட மாதிரி.”

“நல்லது. உடம்புக்கு ஓய்வு வேணும் இல்லையா?”

பெரியவர் தலையை வேகமாக ஆட்டினார். கூடத்து மூலையில் பழைய செய்தித்தாள்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டும் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டப்பட்டு, மேலே விரல் நுழைகிற மாதிரி ஒரு வளையத்தோடு இருந்தது. அண்ணி போகிற போக்கில் ஒரு வளையத்துக்குள் விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தாள். “அடேயப்பா, என்ன வசதி!” என்று சொல்லிக் கீழே வைத்தாள்.

வாசலில் வாலு காதோடு காதாகச் சொன்னான். “அண்ணி, பழைய பேப்பரைத் திருடலாம்னு பாத்தா நான் உடன்படமாட்டேன்.”

“துண்டக்காவை விட்டுட்டுப் போன சலூன் ஒண்ணைக் காட்டச் சொல்லு.”

கடைத்தெருத் திருப்பத்திலேயே அந்த சலூன் இருந்தது. துண்டக்காவை வெளியே நிற்க வைத்துவிட்டு அண்ணியும் வாலுவும் மட்டும் உள்ளே போனார்கள். கடைக்காரர் ஒருவருக்கு முகச் சவரம் செய்துகொண்டே அரசியல், சினிமா, தன் மச்சினனின் கல்யாணச் சிக்கல் என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்தவர் கழுத்தில் கத்தி இருந்ததால் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார்.

“முடியா, தாடியா?” என்று வாலுவைக் கேட்டார்.

“துண்டு,” என்றாள் அண்ணி. “இவ்வளவு மெத்துன்னு இருக்கே, எங்க துவைக்கிறீங்க?”

கடைக்காரர் பேச்சு பட்டென்று நின்றது. சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் முதல் முறையாகக் கேட்டது.

“அது… வெளியில.”

“வெளியிலன்னா?”

“ஒருத்தர் துவைக்கிறார். பேர் தெரியாது.”

“ஆளு எப்படி இருப்பார்?”

“ஆள் மாதிரிதான் இருப்பார்.”

“உங்க மச்சினன் கல்யாணக் கதையை ஊருக்கே சொல்ற நீங்க, துண்டு துவைக்கிறவர் கதையை மட்டும் மறைக்கிறீங்களே,” என்றாள் அண்ணி சிரித்தபடி.

கடைக்காரர் கத்தியைத் துடைத்தார். துடைத்த கத்தியையே திரும்பத் துடைத்தார். “வாக்குக் குடுத்திருக்கேன் மேடம். என்னைக் கேக்காதீங்க. அந்த மனுஷன் தங்கம்.”

“கேக்கல. மாடிக்குப் போலாமா? காத்து வாங்கணும்.”

வேண்டாமென்று சொல்ல அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. மாடியில் கொடி கட்டி, வரிசையாகத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தோடு ஓரம் பிசகாமல், அளந்து தொங்கவிட்ட மாதிரி இருந்தது. காற்றில் எல்லாம் சேர்ந்து அலையடித்தன.

“துணி காய்ற இடம்,” என்றான் வாலு. “அப்போ துவைக்கிறது ஒரு இடம், காயப்போடுறது இன்னொரு இடம்!”

“கொஞ்சம் கொஞ்சமா புத்தி வருது,” என்றாள் அண்ணி. “அங்க பார்.”

படிக்கட்டு ஓரமாக, மடித்த துண்டுகள் கட்டாக இருந்தன. சணல் கயிறு. குறுக்கும் நெடுக்குமாக ஒரு முடிச்சு. மேலே விரல் நுழைகிற வளையம்.

வாலு அதைத் தூக்கினான். வாயைத் திறந்தான். மூடினான். அவன் வாழ்க்கையில் அபூர்வமாக நடக்கிற காரியம் அது.

“அந்தக் குறட்டையா?” என்றான் கடைசியில்.

அவர்கள் வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. துண்டக்கா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். அண்ணி வீடு வரும்வரை பிடிகொடுக்கவில்லை.

பெரியவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். இப்போது மடியில் ஒரு துணிப் பை இருந்தது, காலில் செருப்பு இருந்தது. நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிற கோலம்.

“சார், பை கொஞ்சம் கனமா இருக்கும் போலிருக்கே. வாலு, வாங்கிக்கோ,” என்றாள் அண்ணி.

“வேண்டாம்மா, வேண்டாம்…”

வாலு மெதுவாகத்தான் வாங்கினான். அடிப்பக்கம் ஈரம். உள்ளே பிழிந்த துண்டுகள் ஒரு கட்டு, சணல் முடிச்சோடு.

துண்டக்கா ஒரு துண்டை உருவி எடுத்தாள். ஓரத்தில் கடைத்தெரு சலூனின் பெயர் நூலில் தைத்திருந்தது. அவள் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

“மாமா! நீங்களா? என் வீட்டுக்குள்ளேயே, என் மெஷின்லயே, எனக்குப் போட்டியா?”

பெரியவர் தரையைப் பார்த்தார்.

“தூங்குற மனுஷனுக்கு விரல் நுனி ஊறாதும்மா,” என்றாள் அண்ணி. “பார்சல் ஆபீஸ்காரர் கை துண்டைக் கட்டினாலும் பார்சல் மாதிரிதான் கட்டும். நீ கிளம்பினதும் துவைக்கிறார். ஈரத்தோட பையில போட்டு நடைக்குக் கொண்டுபோறார். சலூன் மாடிங்கள்லயே காயவெச்சு மடிக்கிறார். சோப்புத் தூள் மட்டும் எனக்குப் பிடிபடல.”

“என் காசுல வாங்கிக்கிட்டேன்,” என்றார் பெரியவர். “அவ பொருளைத் தொட்டா தப்பில்லையா?”

“தண்ணி மட்டும் தொடலாமா?” என்று வெடித்தாள் துண்டக்கா. “கேஸ் முடிஞ்சுது மேடம். மீட்டர்காரர் வரட்டும், இவரையே காட்டிடுறேன். நான் என்ன பாவம் பண்ணினேன்? உக்காருங்கன்னு சொன்னேன். அதுக்கா என் வாடிக்கையை இழுத்தீங்க?”

வாலு பையைக் கீழே வைத்தான். கண்டுபிடித்துவிட்டால் சந்தோஷம் வரும் என்றுதான் அவன் எப்போதும் நினைப்பான். இப்போது பெரியவரின் சுருங்கிய விரல்களைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

“இன்னும் முடியல,” என்றாள் அண்ணி. “சார், நீங்க அந்த நாலு சலூனையும் தேடிப் போனீங்களா, அவங்க உங்களைத் தேடி வந்தாங்களா?”

பெரியவர் மருமகளை ஒருமுறை பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்கிற தயக்கம் முகத்தில் தெரிந்தது.

“ஒவ்வொருத்தரா அவங்கதான் வந்தாங்க. இவ வெளியில போயிருந்தப்போ முதல்ல ஒரு சலூன்காரன் துண்டோட வந்தான். துண்டு அட்டை மாதிரி இருக்கு, கழுத்தை அறுக்குது, சோப்பு அரிக்குதுன்னு கஸ்டமர் திட்டுறாங்க, வேற இடம் பாத்துக்கிறோம், அக்கா மனசு கஷ்டப்படும், நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்கன்னான். நான் என்னத்தைச் சொல்ல? எதையும் தொடாதீங்கன்னு சொன்னவகிட்ட, உன் துவைப்பு சரியில்லன்னு சொல்றதா? விட்டா வாடிக்கை வெளியில போயிடும். அதான், நானே வேற ஒருத்தன் மாதிரி எடுத்துக்கிட்டேன். வீட்டை விட்டுப் போகாம இருக்கட்டுமேன்னு.”

துண்டக்கா முற்றத்துக்குப் போய்த் தன் கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தாள். ஒரு கன்னத்தில் அதை வைத்துப் பார்த்தாள். மறு கன்னத்தில் மாமனாரின் ஈரத் துண்டை வைத்துப் பார்த்தாள். ஈரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது.

“எத்தனை அலசல் விடுறீங்க?” என்றாள் மெல்லிய குரலில்.

“மூணு.”

“நானும் முன்னாடி மூணுதான் விட்டேன். அளவு தாண்டிடும்னு பயந்து ரெண்டாக் குறைச்சேன். சோப்பு துணியிலேயே நின்னுருக்கு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் கிடைத்த முதல் துண்டால் துடைத்தாள், அது அவளே துவைத்தது. “ஐயோ, நிஜமாவே அறுக்குது!”

வாலுவால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டான். நல்லவேளை, அவளும் சிரித்தாள்.

“ஒரு அலசலுக்கு இவ்வளவு தண்ணியா ஏறும்?” என்றாள் பிறகு, கண்ணைச் சுருக்கி. “மாமா, மெஷின்ல ஒரு தடவைக்கு எத்தனை துண்டு போடுவீங்க?”

“பன்னெண்டு, பதினஞ்சு.”

“தண்ணி?”

“விளிம்பு வரைக்கும்.”

“அது முப்பது துண்டுக்கான தண்ணி மாமா! கொஞ்சமாப் போட்டா கொஞ்சமா வைக்கிறதுக்கு மேல ஒரு திருகு இருக்கே!”

“அது மணி அடிக்கிற திருகுன்னு நினைச்சேன்,” என்றார் பெரியவர்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மீட்டர்காரர் கையில் குறடோடு நின்றார். குழாயைத் துண்டிக்கிற முடிவோடுதான் வந்திருக்கிறார் என்பது குறட்டின் நீளத்திலேயே தெரிந்தது.

“தண்ணி எங்க போச்சுன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது,” என்றாள் அண்ணி. “ஒரு சொட்டுகூட வெளியில விக்கல. எல்லாம் சலூன் துண்டுலதான் போயிருக்கு. இவங்களுக்குத் தெரியாம இவங்க மாமனார் துவைச்சிருக்கார்.”

“இந்த மாதிரி கதை நிறையக் கேட்டாச்சும்மா.”

பெரியவர் எழுந்து, பத்து விரலையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினார். மீட்டர்காரர் ஊறிய விரல்களைப் பார்த்தார், ஈரப் பையைப் பார்த்தார், மூலையில் இருந்த செய்தித்தாள் கட்டுகளையும் ஏனோ பார்த்தார். குறடு கொஞ்சம் தாழ்ந்தது.

“சரி, திருட்டு இல்ல. ஆனா அளவு தாண்டினா தாண்டினதுதானே? அடுத்த மாசமும் இப்படித்தானே ஏறும்?”

வாலு அண்ணியைப் பார்த்தான். அவள் துண்டக்காவைப் பார்த்தாள்.

துண்டக்கா எல்லோரையும் சலவை அறைக்குக் கூட்டிப் போனாள். நீல டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து மெஷினின் வடிகுழாய்ப் பக்கத்தில் நிறுத்தினாள். “மூணாவது அலசல் தண்ணி கிட்டத்தட்ட சுத்தமா வரும். அதை வெளியில விடாம இதுல பிடிச்சு வெச்சா, அடுத்த மூட்டைக்கு முதல் துவைப்புக்கு ஆகும். மெஷினையும் நிறைச்சுத்தான் ஓட்டுவோம். அலசல் மூணு, ஆனா அளவுக்குள்ள நிப்போம். ஒரு மாசம் குடுங்க சார். ஏறினா நீங்க வந்து அறுத்துக்கலாம்.”

மீட்டர்காரர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். “ஒரு மாசம்,” என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார். “அந்த மெத்துத் துண்டு எந்த சலூன்ல கிடைக்கும்? நான் போற இடத்துல கழுத்தெல்லாம் அரிக்குது.”

“எங்க போறீங்க?” என்றான் வாலு.

அவர் சொன்ன சலூன் துண்டக்காவிடம் மீதமிருந்த நான்கில் ஒன்று. துண்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, “அடுத்த வாரத்துலேர்ந்து அரிக்காது சார்,” என்றாள்.

அவர் போனதும் பெரியவர் பையை எடுத்து மருமகளிடம் நீட்டினார். “அந்த நாலையும் நீயே எடுத்துக்கோம்மா. நான் இனிமே தொடலை.”

துண்டக்கா பையை வாங்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“மாமா, உங்க கம்பெனியில ஆள் எடுக்கிறீங்களா?”

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார்சல் ஆபீஸில் கவுண்டருக்குப் பின்னால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று வாலுவுக்குத் தோன்றியது.

“எடுக்கலாம். முன் அனுபவம் இருக்கா?”

“மூணு வருஷம் இருக்கு. ஆனா சரியா அலசத் தெரியாதுன்னு வெளியில பேச்சு.”

“பரவாயில்ல,” என்றார் பெரியவர். “எனக்குத் தண்ணி அளவு தெரியாதுன்னு மீட்டரே சொல்லுது.”